சாம்பார் வாளிக்குக் கனம் வந்த வருஷம்

குருவிநத்தம் கடைத்தெருவில் இருக்கும் மங்களா போஜன விலாஸில் ஒரு நாள் மத்தியானம் சாம்பார் வாளிக்குக் கனம் வந்தது. அன்றைக்கு அடித்ததும் வழக்கமான வெயில்தான், உட்கார்ந்திருந்ததும் வழக்கமான கூட்டம்தான், சாம்பாரில் மிதந்ததும் வழக்கமான முருங்கைக்காயும் வெள்ளைப்பூசணியும்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த பேச்சிமுத்துவும், மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அதே ஓட்டலில் பரிமாறுகிற அதே பேச்சிமுத்துதான். ஆனால் பேச்சிமுத்து என்று ஓர் ஆள் அந்த ஊரில் இருப்பது அவர் வீட்டாரைத் தவிர அனேகமாக யாருக்கும் தெரியாது.

ஏனென்றால் அந்த ஊர் வழக்கம் அப்படி. சாப்பிட வருகிறவர்கள் ஆளைப் பார்க்க மாட்டார்கள், ஆள் கையில் இருப்பதைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். சாம்பார் வாளி வைத்திருப்பவர் சாம்பார், கூட்டு வைத்திருப்பவர் கூட்டு, தண்ணீர் ஊற்றுகிறவர் தண்ணி. "ஏய் கூட்டு, இங்க வா", "ஏல தண்ணி, எங்க போய்த் தொலைஞ்ச?" உள்ளே அடுப்படியும் சளைத்ததில்லை, "ஜன்னலோரத்து நெய்ரோஸ்ட்டு கை கழுவிருச்சா?" என்று மாஸ்டர் கேட்பார். பேச்சிமுத்து பந்தி தொடங்கும்போது சாம்பாராக இருப்பார், நடுவில் வத்தக்குழம்பாவார், கடைசியில் மோராகி வீட்டுக்குப் போவார். அவருடைய அப்பா இறந்தபோது துஷ்டி கேட்க வந்த ஒருவர் தெருமுனையில் நின்று, "இந்தச் சாம்பார் வீடு எது?" என்று விசாரித்தார். அதைப் பேச்சிமுத்து மறக்கவில்லை. அவர் எதையும் மறக்கிறவர் இல்லை. யார் எந்த மேசையில் உட்கார்ந்து என்ன சொன்னார்கள், சொல்லும்போது வாயில் என்ன இருந்தது, அன்றைக்கு என்ன பொரியல் என்பது வரை அவர் நெஞ்சுக்குள் அடுக்கி வைத்திருந்தார். ஊறுகாய் ஜாடியைப் போல அவ்வப்போது திறந்து கிளறிவிட்டு மூடியும் வைப்பார்.

அந்த ஜாடியின் அடியில் கிடந்தது மரக்கடை குலசேகரன்.

மற்றவர்கள் பேர் தெரியாமல் சாம்பார் என்றார்கள், அதை ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளலாம். குலசேகரனுக்குப் பேர் தெரியும். ஐந்தாம் வகுப்பு வரை இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். ஒரு தடவை குளத்தங்கரையில் கருவேல முள் குலசேகரனின் பாதத்தில் ஏறி மறுபக்கம் எட்டிப்பார்த்தபோது, பேச்சிமுத்துதான் அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு, வரப்பு தாண்டி, ஓடை தாண்டி, வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினான். வழியெல்லாம் இருவரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள், கனமே தெரியவில்லை. அந்தக் குலசேகரன் பின்னால் அப்பாவின் மரக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தார், பேச்சிமுத்து வாளியைத் தூக்கினார், மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் தடவையாக ஓட்டலுக்குள் வந்த குலசேகரன், பேச்சிமுத்துவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, பார்வையை வாளிக்கு இறக்கி, "சாம்பார்" என்றார். அன்று தொடங்கி அவருக்கும் பேச்சிமுத்து சாம்பார்தான். பேச்சிமுத்துவும் பதிலுக்கு "இந்தா வந்துட்டேன் அண்ணாச்சி" என்பார். உள்ளே ஜாடி ஒரு தடவை குமுறி அடங்கும்.

வாளிக்குக் கனம் வந்த அன்றைக்குக் குலசேகரன் இரண்டாவது மேசையில் இருந்தார். சோற்றில் குழி பறித்து வைத்துவிட்டு டம்ளரால் மேசையைத் தட்டினார்.

"ஏல சாம்பார்! சாம்பாரு! காது அவிஞ்சா போச்சு? சோறு காயுதுல்லா!"

பேச்சிமுத்து வந்துகொண்டுதான் இருந்தார். அந்தச் சொல் அவர் காதில் விழுந்ததும், காதிலிருந்து தோளுக்கு இறங்கியதும், தோளிலிருந்து கை வழியாக வாளிக்குள் போனதும் அவருக்கே தெரிந்தது. வாளியின் கைப்பிடி விரல்களை வெட்டியது. இரண்டு கையாலும் பிடித்தார், முழங்காலை முட்டுக்கொடுத்தார், முடியாமல் மெதுவாகத் தரையில் வைத்தார். வைத்த இடத்தில் தரைக்கல் பட்டென்று விரிந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"என்னவே, வயசாயிருச்சா?" என்று யாரோ சிரித்தார்கள். அடுப்படியிலிருந்து மாஸ்டர் வந்து தூக்கிப் பார்த்தார். கூட்டும் தண்ணியும் ரசமும் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். சாம்பாரைக் கரண்டியால் மொண்டு மொண்டு அண்டாவில் ஊற்றிவிட்டு வெறும் வாளியைத் தூக்கிப் பார்த்தார்கள். கடைசியில் குலசேகரனின் மரக்கடையிலிருந்தே தடி தூக்குகிற இரண்டு பேர் வந்து, கைப்பிடியில் உருட்டுக்கட்டையைச் செருகி, "ஐலசா" போட்டுத் தோள் கொடுத்ததில், தேக்கு உருட்டுக்கட்டை இரண்டாக ஒடிந்தது. வாளி வைத்த இடத்தில் இருந்தது. ஓட்டல் முதலாளி ஆவுடையப்பன் கல்லாவிலிருந்து எழுந்து வந்து வாளியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "சரி, ரசத்தைப் போடுங்க. பந்தி நிக்கப்படாது" என்றார். எல்லோரும் வாளியைச் சுற்றிப் போகப் பழகினார்கள். எங்கேயோ பின்கட்டில் எதையோ தரையோடு இழுத்துப் போகிற சத்தம் சர்ரென்று கேட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், ஒரு போலீஸ்காரர் ஜீப்பில் இருந்தபடி "ஏய் டீ!" என்று விரலைச் சொடுக்க, டீக் கிளாஸ்களைச் செருகி எடுத்துப் போகும் கம்பிக் கூடு கடைக்காரர் கையிலிருந்து நழுவி நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டது. சங்கரன்கோவில் பஸ் ஹாரன் அடித்துப் பார்த்தது, ஒரு மாட்டுவண்டி ஒதுங்கிப் பார்த்தது. போலீஸ்காரர் இறங்கி வந்து லத்தியால் நெம்பிப் பார்த்துவிட்டு, வேர்த்துப்போய், தன்னையறியாமல், "அண்ணே, என்னண்ணே இது? கொஞ்சம் பிடிங்கண்ணே" என்றார். கூடு புறா இறகைப் போல எழும்பியது. பரோட்டாக் கடையில் சால்னா வாளி, இட்லிக் கடையில் சட்னிக் கிண்ணம், ஜூஸ் கடையில் தட்டு என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்தன, உட்கார்ந்தவை நல்ல வார்த்தைக்கு எழுந்தன. அந்த வாரச் சந்தை கூடுவதற்குள் ஊருக்கே விதி பிடிபட்டுவிட்டது. ஏன் இப்படி ஆகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மழை ஏன் பெய்கிறது என்று கேட்டுக்கொண்டா குடையை விரிக்கிறோம்?

முதலில் வந்த சிக்கல், பேர் தெரியாததுதான். சாப்பிட உட்காருகிறவர்கள் சங்கடத்தோடு, "ஒங்க பேரு என்னண்ணே?" என்று விசாரித்தார்கள். அப்படித்தான் ரசத்தின் பேர் இந்திரஜித்து என்பதும், தண்ணியின் பேர் சொரிமுத்து என்பதும், கூட்டு என்கிறவர் நாதஸ்வரம் வாசிப்பார் என்பதும் ஊருக்குத் தெரியவந்தது. "இந்திரஜித்தண்ணே, கொஞ்சம் தெளிவா ஊத்துங்க" என்று கேட்டவருக்கு ரசம் ஒரு கரண்டி கூடவே கிடைத்தது. வட்டச் செயலாளர் ஒருவர் வந்து, மைக் பிடித்த குரலில், "மாண்புமிகு பரிமாறும் பெருமகனார் அவர்களே, தங்கள் பொற்கரத்தால் ஒரு கரண்டி மோர்" என்றார். மோர்க்குவளை முன்னைவிடப் பலமாக உட்கார்ந்து மேசைக்காலை உடைத்தது. பசப்புக்கும் அதே கனம்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஊரில் வளைந்து பேசுகிறவர்களும் குறைந்தார்கள்.

பெண் வீட்டார் ஜாதகத்தை மூடி வைத்துவிட்டு மாப்பிள்ளையை மங்களா போஜன விலாஸுக்குக் கூட்டிவந்தார்கள். பெண், அம்மாவோடு குடும்ப அறையின் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளை தண்ணீர் கேட்பதைக் கவனிப்பாள். கோயம்புத்தூரில் பெரிய வேலையில் இருந்த ஒருவன் தண்ணீர் கேட்ட விதத்தில் சொரிமுத்துவின் ஜக்கு தரையோடு ஒட்டிக்கொண்டதில், அந்தச் சம்பந்தம் கை கழுவுகிற இடத்திலேயே முடிந்துபோனது. வாளிக்கு யாரோ குங்குமம் வைத்துப் பூச்சரம் சுற்றினார்கள். ஆவுடையப்பன் வந்து அதை அவிழ்த்து எறிந்து, "இது சாமி இல்ல, என் ஓட்டல் வாளி. சாமி கும்பிடுதவன் கோயிலுக்குப் போ. சாப்பிடுதவன் உக்காரு" என்றார். வாளி பந்திக்கு நடுவில் அசையாமல் இருந்ததால், அடுப்படியிலிருந்து அண்டாவில் சாம்பாரைக் கொண்டுவந்து அதில் ஊற்றினார்கள், வேண்டியவர்கள் எழுந்து வந்து தாங்களே மொண்டுகொண்டார்கள். மொண்டுகொள்கிறபோது பக்கத்து இலைக்காரருக்கும் ஒரு கரண்டி கொண்டுபோய் ஊற்றுகிற பழக்கம் அப்படி வந்ததுதான்.

ஊரில் உட்கார்ந்ததெல்லாம் எழுந்தது. முதலில் உட்கார்ந்த அந்த வாளி மட்டும் எழவில்லை. அது யாருக்காகக் காத்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். குலசேகரன் ஓட்டலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

இப்போது ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். வாளி எழவில்லையே என்று பேச்சிமுத்துவுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. தினமும் காலையில் கடை திறந்ததும், புளியும் சாம்பலும் போட்டு அதை அவரே துலக்குவார். துலக்கி முடித்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கால் பெருவிரலால் மெல்ல ஒரு தள்ளு தள்ளுவார். அசையாது. அவருக்கு உள்ளுக்குள் வெல்லம் கரைந்தது போல இருக்கும். வெளியூர்க்காரர்கள் வந்து, "பேச்சிமுத்தண்ணாச்சிங்கது நீங்கதானா?" என்று கேட்பார்கள். அவர் வாளிக்குப் பக்கத்தில் தோளில் துண்டோடு நின்று, குலசேகரன் சொன்னதைச் சொன்னபடியே, டம்ளரால் தட்டியது உட்பட, நடித்துக் காட்டுவார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்தச் சொல் இன்னும் கொஞ்சம் கூர்மையாகும். அவர் சொல்லி முடித்து நிமிர்கிற நேரத்தில், எச்சில் இலைகளைத் தொட்டியில் வாரிப்போட்டுக்கொண்டு போகிற சர்ரென்ற சத்தம் அவரைக் கடந்து போகும். "ஏ இலை, சத்தம் போடாம இழு" என்பார் பேச்சிமுத்து, திரும்பிப் பார்க்காமலே.

மாசி போய்ப் பங்குனி வந்தபோது அவருக்கு ஒன்று புலப்பட்டது. மற்றவர்கள் கையில் வாளிகள் காற்றாகப் பறந்துகொண்டிருக்க, அவர் கையில் மட்டும் எல்லாம் கனத்தன. முதலில் தண்ணீர் ஜக்கு. பிறகு கரண்டி. பிறகு ஒரு நாள் தோளில் கிடந்த துண்டு, நனைந்த சாக்கைப் போல அழுத்தியது. ஓட்டலில் ஒருவரும் அவரை மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. அண்ணாச்சி அண்ணாச்சி என்று உருகினார்கள். ஆனாலும் கனத்தது. முதலாளி அவரை நாற்காலி போட்டு வாளிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். "நீரு சும்மா இரும்வே, ஒம்மைப் பாக்கத்தான கூட்டம் வருது" என்றார். பரிமாறுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று பரிமாறுகிறவருக்குத்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகள் முப்பிடாதி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள், ஆண் பிள்ளை பெற்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவர் மனைவி செல்லக்கனி, பழைய வேட்டித் துணியில் சுற்றிய பிள்ளையை நீட்டி, "இந்தாங்க, பேரன வாங்குங்க" என்றாள். பேச்சிமுத்து கையை நீட்டினார். அன்று காலையில் மகளுக்காக அவர் தூக்கிய வெந்நீர்ச் செம்பு கையிலிருந்து கீழே போனது நினைவுக்கு வந்தது. நீட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பின்னால் கட்டிக்கொண்டார்.

"கை சுத்தமில்ல" என்றார்.

"கழுவிட்டு வாங்க."

"பொறவு பாப்பம்."

பொறவு, பொறவு என்று நாள் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கினார்கள், பால்காரர் தூக்கினார், இந்திரஜித்து வந்து தூக்கி முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். பேச்சிமுத்து தொட்டிலுக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முப்பிடாதி அதைப் பார்த்தாள். "ஏம்ப்பா, எம்பிள்ளைய உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

செல்லக்கனி அவரைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள். "நெசத்தச் சொல்லுங்க. தூக்க முடியலையா?"

ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார்.

"அந்த மரக்கடைக்காரரு வந்து ஒரு வார்த்த சொன்னாத்தான் சரியாகுமா?"

"அவன் வருவான்னு எனக்குத் தோணல."

"வந்தா விட்டுருவியளா?"

முருங்கை மரத்தில் காக்கை ஒன்று வந்து உட்கார்ந்து, பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

இதற்கிடையில் கனம் ஓட்டல்களைத் தாண்டி வீடுகளுக்குள் நுழைந்திருந்தது. எந்த வீட்டில் முதலில் என்று தெரியவில்லை. பெண்கள் அதை வெளியே சொல்லவில்லை. "ஏட்டி தண்ணி" என்று கேட்டவனுக்குச் சொம்பு அடுப்படியிலேயே நின்றது. "சோத்தக் கொண்டா" என்று கத்தியவனுக்குப் பானை நகரவில்லை. பெண்கள் அதோடு மல்லுக்கு நிற்கவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஆண்கள் கொஞ்ச நாள் பட்டினி கிடந்தார்கள், கொஞ்ச நாள் தாங்களே போட்டுத் தின்றார்கள், பிறகு ஒவ்வொருவராக அடுப்படி வாசலில் போய் நின்று, கல்யாணமான புதிதில் பேசிய குரலைத் தேடிப் பிடித்துப் பேசினார்கள். குலசேகரனுக்கு மனைவி இல்லை. மருமகளிடம், "ஏய் சோறு" என்றார். வட்டிலில் போட்டு எடுத்துவந்த சோறு கூடத்து நடுவில் உட்கார்ந்தது. மருமகள், "மாமா, நானும் பாத்துட்டேன், தூக்க முடியல. நீங்களே இங்க வந்து உக்காந்து சாப்பிட்டுருங்க" என்று சொல்லிவிட்டு டி.வி. பார்க்கப் போனாள். நடக்கிற வழியில் குனிந்து உட்கார்ந்து தின்ன அவருக்கு மனம் வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம், பந்தி ஓய்ந்து, இலை எடுத்து, மேசை துடைத்து, ஆவுடையப்பன் கல்லாவிலேயே கண்ணயர்ந்திருந்த நேரத்தில், குலசேகரன் ஓட்டலுக்குள் வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. இரண்டாவது மேசையில் போய் உட்கார்ந்தார். வாளிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பேச்சிமுத்து எழுந்திருக்கவில்லை.



"சாப்பாடு இருக்கா?" என்றார் குலசேகரன், மேசையைப் பார்த்து.

"யாருகிட்ட கேக்கிய?"

"இங்க வேற யாரு இருக்கா?"

"வாளி இருக்கு. அதுகிட்டதான பேசுவிய."

குலசேகரன் டம்ளரை எடுத்தார், தட்டப் போனார், வைத்துவிட்டார். "பேச்சிமுத்து" என்றார்.

அந்தப் பேர் அவர் வாயிலிருந்து துருப்பிடித்த தாழ்ப்பாளைப் போலக் கிரீச்சிட்டு வந்தது. தரையில் வாளி ஒரு தடவை சிணுங்கியது. பேச்சிமுத்துவுக்கு அது கேட்டது, ஆனாலும் முகத்தை இறுக்கமாகவே வைத்துக்கொண்டார்.

"இம்புட்டு நாளும் அந்தப் பேரு எங்க போயிருந்துச்சு?"

"எங்கயும் போகல. இங்கதான் கெடந்துச்சு" என்று நெஞ்சைத் தொட்டார் குலசேகரன். "ஏல, ஒன் பேரச் சொல்லிக் கூப்பிட்டா என்ன ஆகும்னு நெனச்சுப் பாரு. முள்ளு தச்சப்ப என்னச் சுமந்தவன், எனக்குக் குனிஞ்சு சோறு போடுதான், நான் உக்காந்து திங்கேன்னு ஆயிருமுல்லா. எனக்கு எப்படி எறங்கும்? சாம்பார்னு சொன்னா சாம்பாருதான் வருது. பேச்சிமுத்துன்னு சொன்னா பேச்சிமுத்துல்லா வருவான்."

"வந்தா என்னவாம்? வாடா, எப்படி இருக்கன்னு ஒரு வார்த்த கேட்டா தொண்டையில முள்ளா குத்தும்?"

"குத்தத்தான் செஞ்சிச்சு." குலசேகரன் நிமிர்ந்து பார்த்தார். "நீயும்தான் என்னைய அண்ணாச்சி அண்ணாச்சின்ன. ஒரு நாளாவது சேகரான்னு கூப்பிட்டியால?"

பேச்சிமுத்து ஜாடியைத் திறந்தார். எவ்வளவு துழாவியும் தான் அண்ணாச்சி அண்ணாச்சி என்று சொன்னது மட்டும்தான் அகப்பட்டது. எழுந்துபோய் வாளியின் கைப்பிடியைப் பிடித்தார். தூக்கினார். வாளி தரையை விட்டு ஒரு விரல் உயரம் எழுந்து, அங்கேயே நின்று, பிறகு மறுபடியும் அமர்ந்துகொண்டது. திரும்பத் தூக்கினார். அதே ஒரு விரல் உயரம்தான்.

"நான்தான் சொல்லிட்டேம்லா. இன்னும் என்னவாம் அதுக்கு?" என்றார் குலசேகரன்.

"எனக்கு என்ன தெரியும்? இன்னும் மிச்சம் வச்சிருக்கியோ என்னமோ!"

அப்போது பின்கட்டிலிருந்து சர்ரென்ற சத்தம் வந்தது. இலை எடுக்கிற அம்மா, எச்சில் இலைத் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, அடிமேல் அடியாகத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். தொட்டியில் இருந்தது இரண்டு மூன்று இலைதான். பேச்சிமுத்துவுக்கு எரிச்சல் வந்தது. முக்கியமான பேச்சு நடக்கிற நேரம்.

"ஏ இலை, இப்பவா…" என்று தொடங்கினார்.

தொட்டி நின்றுவிட்டது. அவள் இழுத்தாள், வரவில்லை. தொட்டியின் அடியில் தரைக்கல் பட்டென்று விரிந்தது. வாளி அன்றைக்கு விரித்த கல்லைப் போலவே.

அந்த அம்மா இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கினாள். கோபமில்லை; வெயிலில் நடந்து வந்தவள் நிழலைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. "இதுவரைக்கும் இழுத்தாவது வந்துச்சு. இப்ப அதுவும் இல்லாம ஆக்கிட்டிய" என்றாள்.

"எப்பமிருந்து இப்படி இருக்கு?" என்றார் பேச்சிமுத்து.

"வாளிக்கு வந்த அன்னைக்கே எனக்கும் வந்துட்டு. வாளியத்தான் ஊரே வந்து பாத்துச்சு. எச்சித் தொட்டிய யாரு பாக்கப்போறா? தரையெல்லாம் கோடு போட்டு வச்சிருக்கேன், பாருங்க."

பேச்சிமுத்து பார்த்தார். பின்கட்டு வாசலிலிருந்து ஒவ்வொரு மேசை வரைக்கும், மேசைகளிலிருந்து திரும்பப் பின்கட்டு வரைக்கும், தரைக்கல்லில் வெள்ளை வெள்ளையாக வரி விழுந்திருந்தது. அவர் நாற்காலியைச் சுற்றித்தான் அதிகம். இத்தனை நாளும் அதன்மேல் காலை வைத்து உட்கார்ந்துகொண்டுதான் அவர் வெளியூர்க்காரர்களுக்குத் தன் கதையைச் சொல்லியிருக்கிறார். அவர் நெஞ்சுக்குள் எத்தனையோ பேர் அடுக்கி இருந்தது. அவரைக் குத்திய ஒவ்வொருவருடைய பேரும், அவர்களுடைய அப்பா பேர் உட்பட. இந்த அம்மாவின் பேர் அதில் இல்லை. ஏனென்றால் இந்த அம்மா அவரை ஒன்றும் சொன்னதில்லை.

"எம்மா, ஒங்க பேரு என்ன?" என்று கேட்டார்.

"இது என்ன, பொண்ணு பாக்க வந்த மாதிரி கேக்கிய!" என்று அவள் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு மூடிய தலைப்பை எடுத்துவிட்டு, கொஞ்சம் நேராக நின்று, "வடிவு" என்றாள். "எங்கம்மா வச்ச பேரு வடிவம்மாள். கூப்பிடுதது வடிவு."

"வடிவம்மா" என்றார் பேச்சிமுத்து. "நீங்க விடுங்க. நான் எடுக்கேன்."

"நீங்க எதுக்கு எச்சியத் தொட்டுக்கிட்டு."

"நான் போட்ட சோத்து இலைதானம்மா அது."

குனிந்து தொட்டியைப் பிடித்தார். தூக்குவதற்கு மூச்சை இழுத்துக் கட்டியிருந்தார். கட்டிய மூச்சு வீணாயிற்று. வெறும் பனையோலைப் பெட்டியைப் போலத் தொட்டி அவர் கையோடு வந்தது. அதைக் கொண்டுபோய்ப் பின்கட்டில் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். வடிவும் குலசேகரனும் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சிமுத்து வாளியின் கைப்பிடியைப் பிடித்தார். தூக்கினார். வாளி எழுந்தது. முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. அது இருந்த இடத்தில் தரையில் வட்டமாக ஒரு பள்ளம், துளித் தண்ணீர் நின்று, பளபளத்தது. ஆவுடையப்பன் கண்ணை விழித்து, "தூக்கியாச்சா? அந்தக் கல்ல மாத்தணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பேச்சிமுத்து இலையை விரித்தார், தண்ணீர் தெளித்தார், சோற்றை வைத்தார்.

"சேகரா" என்றார். "குழி பறி."

குலசேகரன் குழி பறித்தார். சாம்பார் குழி நிறைந்து வழிந்து இலையில் ஓடியது.

"போதும் பேச்சிமுத்து. போதும்ல."

"சாப்பிடு. மூஞ்சியப் பாரு, காஞ்ச கருவாடாட்டம்."

"முருங்கைக்கா இருந்தா ரெண்டு போடேன்."

"கேக்கிற வெதமாக் கேளு."

"பேச்சிமுத்தண்ணாச்சி, முருங்கைக்கா இருந்தா ரெண்டு போடுங்க" என்றார் குலசேகரன். வடிவு பலமாகச் சிரித்தாள். பேச்சிமுத்து மூன்றாகப் போட்டார்.

இதனால் எல்லாம் தீர்ந்துபோயிற்று என்று யாரும் நினைக்க வேண்டாம். மங்களா போஜன விலாஸில் அந்த வாளி இன்றைக்கும் மற்ற வாளிகளைவிடக் கொஞ்சம் கனம்தான். வேண்டுமானால் போய்த் தூக்கிப் பார்க்கலாம். அந்தக் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கப் பேச்சிமுத்துவுக்கு மனமில்லை. இத்தனை வருஷம் சாம்பாராக இருந்தவனுக்கு அந்த அளவு கனம் இருக்கத்தான் வேண்டும் என்று அவர் சொல்லுவார், அது நியாயம்தான். ஆனால் அது தூக்க முடிகிற கனம்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் சீக்கிரமே வீட்டுக்குப் போனார். முப்பிடாதி பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவர் கையைக் கழுவினார். கால் கழுவினார். மறுபடி கையைக் கழுவினார். தொட்டில் பக்கத்தில் போய் நின்று, துண்டைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கிக் கட்டிக்கொண்டார். பிள்ளை விழித்துக் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் பேர் வைக்காத பிள்ளை. வீட்டில் எல்லோரும் ஏ குட்டி, ஏ பயலே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சிமுத்துவுக்கு அப்படிக் கூப்பிடப் பயமாக இருந்தது.

"ஐயா" என்றார் மெதுவாக. "நான் பேச்சிமுத்து. உங்க தாத்தா. உங்களத் தூக்கிக்கிடலாமா?"

பிள்ளை தலையைத் திருப்பிப் பார்த்தான். ஒரு காலை உதைத்தான்.

பேச்சிமுத்து ஒரு கையைத் தலைக்குக் கீழும் ஒரு கையை முதுகுக்குக் கீழும் கொடுத்துத் தூக்கினார். பிள்ளைக்குக் கனம் இருந்தது. ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கனம் இருக்க வேண்டுமோ அவ்வளவு. அவர் அசையாமல் நின்றார். முப்பிடாதி சீப்பைத் தலையில் செருகியபடியே எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். செல்லக்கனி அடுப்படியிலிருந்து, "என்ன, சத்தத்தையே காணும்?" என்றாள்.

அவர் வயிற்றில் சூடாக ஏதோ பரவியது.

"ஒண்ணுமில்ல" என்றார் பேச்சிமுத்து. "ஐயா என் வேட்டிய நனைச்சிட்டாக."